மண்டை ஓடு உடையாததும் மூளை தப்பியதும் ஒன்றல்ல

இருசக்கர வாகன விபத்தில் மண்டை ஓடு உடையாமலும் ரத்தம் கொட்டாமலும் இருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு, இதை நம்பி அடிபட்டவரை வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுவார்களே என்ற கவலையில் எழுதுகிறேன்.

தலை சாலையில் மோதிச் சட்டென்று நிற்கும்போதும் உள்ளே மூளை நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. தலை சுழன்று விழுந்தால், மூளையின் மேற்பரப்பிலிருந்து மூளையைச் சுற்றியுள்ள டியூரா என்ற தடித்த உறையிலுள்ள பெருஞ்சிரைக்குச் செல்லும் மெல்லிய இணைப்புச் சிரைகள் இழுபட்டு அறுந்து, உறைக்கு அடியில் ரத்தம் தேங்குகிறது. இதற்கு எலும்பு முறிய வேண்டிய அவசியமே இல்லை. விபத்தில் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனையில் இவ்வகை ரத்தக்கசிவு அடிக்கடி காணப்படுகிறது. நரம்பிழைகள் பரவலாக அறுபடும் காயத்திலோ, முதல் சி.டி. ஸ்கேன்கூட ஏறக்குறைய இயல்பாகத் தெரியலாம்.

எலும்பு முறிவோடு பெரும்பாலும் சேர்ந்து வருவது, உறைக்கு வெளியே தேங்கும் ரத்தம். கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள பொட்டுப் பகுதியில் எலும்பு மெலிதாக இருப்பதால், அங்கே பலமாக அடிபட்டால் அதன் உட்புறம் ஓடும் தமனி கிழியக்கூடும். என் பார்வையில் மிகவும் ஏமாற்றும் காயம் இதுதான்: சிலர் நினைவு திரும்பி, எழுந்து உட்கார்ந்து, நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சில மணி நேரத்தில் மயங்கிவிடுகிறார்கள். உரிய நேரத்தில் அறுவை சிகிச்சை நடந்தால் பெரும்பாலோர் பிழைக்கக்கூடிய காயமும் இதுவே.

ஆகவே அடிபட்டபின் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், அளவுக்கு மீறிய தூக்கம், ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், வெளியே சிராய்ப்பே இல்லாவிட்டாலும், 108-ஐ அழைத்து ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.