முதல் கறுப்பின ஒலிம்பிக் சாம்பியன் ஜான் டெய்லரா?

‘ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் கறுப்பினத்தவர், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய ஜான் டெய்லர்’ என்று ஒரு தகவல் சுற்றிக்கொண்டிருக்கிறது. தவறு. தங்கம் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் டெய்லர், அதுவரைக்கும் சரி.

அதற்கு 8 ஆண்டுகள் முன்பே, 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரக்பி பட்டம் வென்ற பிரான்ஸ் அணியில் கறுப்பினத்தவரான கான்ஸ்டன்டின் ஹென்ரிக்கெஸ் இருந்தார். ஹைட்டியில் பிறந்து, மருத்துவம் படிக்கப் பாரிஸ் வந்தவர். வின்சென் சைக்கிள் பந்தய அரங்கில் பிரான்ஸ் ஜெர்மனியை 27-17, பிரிட்டனை 27-8 என வீழ்த்தியது. (நாட்டின் பெயரில் வந்தாலும் எதிரணிகள் இரண்டும் கிளப் அணிகள்தான்.) தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற முறை 1904-இல்தான் வந்தது; அந்த வெற்றி பின்னாளில் தங்கக் கணக்கில் சேர்ந்தது. அப்புறம் ஹைட்டி திரும்பிய ஹென்ரிக்கெஸ், அங்கே கால்பந்தை அறிமுகப்படுத்தினார், செனட்டராகவும் இருந்தார்.