கிளவுடுக்குக் கொடுக்கும் காசும் கிணறு அளக்கக் கொடுக்காத காசும்

நிலத்தடி நீரைக் கணக்கிடும் கணினி மாடலைக் கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினிகளில், ஓட்டினால் துல்லியம் கூடும் என்கிறார்கள். கூடாது. வேகம்தான் கூடும். அந்த வேகமும், பாறையின் குணத்தைச் சொல்லும் எண்களை (மாறிகளை) மாற்றி மாற்றி, மாடல் சொல்லும் மட்டத்தைக் கிணற்றில் அளந்த மட்டத்தோடு பொருத்தும் வேலைக்குத்தான் தேவை.

தருமபுரி மாவட்டம் ஏறத்தாழ 4,500 சதுர கிலோமீட்டர். 250 மீட்டர் கட்டமாகப் பிரித்தால் அடுக்குக்கு 72,000 கட்டம். மேலே சிதைந்த பாறை, கீழே விரிசல் பாறை என இரண்டு அடுக்கு போட்டாலும் நிலத்தடி நீர் ஓட்டத்தைக் கணக்கிடும் மோட்ஃப்ளோ 6 மென்பொருள் லேப்டாப்பிலேயே ஓடும். ஓர் ஓட்டம் 4 நிமிடம் என்று வைப்போம். 200 மாறிகளைப் பெஸ்ட்++ என்ற மென்பொருள் கொண்டு பொருத்தினால், மாறிக்கு ஒன்றாகச் சுற்றுக்குக் குறைந்தது 200 ஓட்டம், 13 மணி நேரத்துக்கு மேல். பத்துச் சுற்றுக்கு ஐந்தரை நாள். 40 கோர் (கணினியில் கணக்குப் போடும் பகுதி) இருந்தால் 40 ஓட்டம் ஒரே நேரத்தில் ஓடும், ஒரு சுற்றுக்கு 20 நிமிடம். கிளவுடுக்குக் காசு கொடுப்பது இதற்காக மட்டும் இருக்கட்டும்.

கிளவுட் விலைப்பட்டியலில் காட்டும் விசிபியு (மெய்நிகர் கோர்) பல இயந்திரங்களில் அரைக் கோர்தான். 40 ஓட்டத்துக்கு 80 கேளுங்கள். மிச்சமிருக்கும் கணினிகளைத் தள்ளுபடியில் தரும் ஸ்பாட் இயந்திரம் மலிவு, ஆனால் பாதியில் பிடுங்கிக்கொள்வார்கள். ஓட்டங்களை ஓட்டும் ஏஜென்ட்டுகளை அதில் வைக்கலாம். ஒன்று போனால் அந்த ஓட்டம் இன்னொன்றுக்குப் போய்விடும். ஓட்டங்களைப் பிரித்துக் கொடுக்கும் மேனேஜரை அதில் வைக்கவே வைக்காதீர்கள். வேலை முடிந்து இயந்திரத்தை நிறுத்தினாலும் டிஸ்க்குக்கு வாடகை ஓடிக்கொண்டே இருக்கும், அதையும் அழித்துவிடுங்கள்.

கோடையில் நம் மேலடுக்கு வற்றும். பழைய முறையில் வற்றிய கட்டம் கணக்கிலிருந்தே விழுந்துவிடும், ஓட்டம் முடிவுக்கு வராமல் இழுக்கும். ஓர் ஏஜென்ட் தொங்கினால் மற்ற 39ம் சும்மா நிற்கும், மீட்டர் மட்டும் ஓடும். வற்றிய கட்டத்தையும் கணக்கிலேயே வைத்திருக்கும் நியூட்டன் முறையைப் போடுங்கள், தாமதமான ஓட்டத்தைக் கைவிடும் வரம்பையும் வையுங்கள்.

எத்தனை கோர் போட்டாலும் தீராத பிழை ஒன்று உண்டு: நீர்விடு திறன், அதாவது நிறைந்த பாறையின் கன அளவில் எத்தனை சதவீதம் தண்ணீராக வடியும் என்பது. நம் பாறையில் இது பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம். 2 சதவீதம் என்றால் 20 மி.மீ. ஊறினாலே கிணறு 1 மீட்டர் ஏறும். வண்டல் நிலக் கணக்கைப் பார்த்து 10 என்று போட்டால், அதே 1 மீட்டருக்கு 100 மி.மீ. ஊறியதாக மாடல் சொல்லும். தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்தில் இன்னும் எத்தனை போர் (ஆழ்துளைக் கிணறு) தாங்கும் என்று கேட்டால் ஐந்து மடங்கு தாராளமாகப் பதில் வரும். அதை நம்பித் துளை போடுகிறவர் கடன் வாங்கித்தான் போடுகிறார்.

ஆயிரம் அடி போரில் அளந்த மட்டத்தையும் அப்படியே ஏற்காதீர்கள். இரண்டு அடுக்கின் தண்ணீரும் அதற்குள் கலந்து நிற்கிறது. மேலடுக்குக்குத் திறந்த கிணற்றின் மட்டம் வேண்டும், அதுவும் மோட்டாரை நிறுத்தி ஓர் இரவு விட்டு, காலையில் நாடா போட்டு அளந்தது.