பதுவா தோட்டத்து மதில்
இத்தாலியின் பதுவா நகரில் உள்ள மூலிகைத் தோட்டத்தின் வட்ட மதிலை அழகுக்காக எழுப்பினார்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. திருடர்களுக்குப் பயந்தல்லவா கட்டினார்கள்! மருத்துவ மாணவர்கள் மூலிகைகளைச் சரியாக அடையாளம் காணப் பழகட்டும் என்று வெனிஸ் குடியரசு 1545-இல் அமைத்த தோட்டம் அது. அரிய மூலிகைகளுக்கு நல்ல விலை. இரவில் திருடர்கள் பறித்துப் போனார்கள். சில ஆண்டுகளிலேயே மதில் வந்துவிட்டது.

1585-இல் நட்ட குட்டைப் பனை கண்ணாடிக் கூடத்துக்குள் இன்றும் உயிரோடு நிற்கிறது. 1786-இல் ஜெர்மன் கவிஞர் கதே வியந்து பார்த்த மரம். நச்சுச் செடிகளும் உண்டு, பிள்ளைகள் கையை விடாதீர்கள்.

புனித அந்தோனியார் பேராலயத்துக்குப் போகும் நம்மவர்கள் பலர் தரிசனம் முடிந்ததும் ரயிலேறிவிடுகிறார்கள். தோட்டம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான்.