கயிறு இல்லாத அஞ்சு வருஷம்

2025 ஜனவரி 20. மார்த்தாண்டத்தில் ஒரு சாயாக்கடை. டிவியில் நெய்யாற்றின்கரை கோர்ட்டுத் தீர்ப்பு ஓடிக்கொண்டிருந்தது. கஷாயத்தில் களைக்கொல்லியைக் கலந்து காதலனைக் கொன்ற பெண்ணுக்குத் தூக்கு. செத்த பையன் பாறசாலைக்காரன், விஷம் கொடுத்த வீடு நம்ம குமரி மாவட்டத்து ராமவர்மன்சிறையில். அதனால் கடையில் எல்லோருமே அதை வீட்டு விஷயம் போலப் பேசினார்கள். "இனி எவளாவது செய்வாளாடே?" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அதே நாளில்தான் கொல்கத்தாவில் ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரி வழக்கிலும் தண்டனை அறிவித்தார்கள். பணியில் இருந்த டாக்டரைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றவனுக்கு ஆயுள் தண்டனை. அரிதினும் அரிதான வழக்கு இல்லை என்றார் நீதிபதி. அரிதினும் அரிதான வழக்கில் மட்டும்தான் தூக்கு என்ற இந்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் வகுத்தது 1980-ல், பச்சன் சிங் வழக்கில். ஒரே நாளில் இரண்டு கோர்ட்டுகள் அதை வைத்து அளந்தபோது இரண்டு அளவு வந்தது. அப்படியானால் கொலை செய்யப் போகிறவன் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

தூக்குக்குப் பயந்து கொலை குறையுமா என்ற இந்த விவாதத்தில் அமெரிக்காவையும் கனடாவையும் இழுப்பார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நம்ம மாவட்டத்துத் தாலுகாக்கள் எல்லாம் 1956 நவம்பர் வரை இருந்தது திருவிதாங்கூரோடு. அந்தத் திருவிதாங்கூரில் 1944-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் கொலைக்குத் தூக்கு கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள். நம்ம தாத்தாக்கள் காலம் அது. இந்தியாவோடு சேர்ந்த பிறகு தூக்கு திரும்பி வந்தது. தூக்கு இல்லாத 1945–50-ல் 962 கொலைகள். தூக்கு வந்த பிறகு 1950–55-ல் 967.

இந்தக் கணக்கை வைத்து ஆட்டம் போடவும் மாட்டேன். ஜனத்தொகை கூடியிருக்கும், போலீஸ் எழுதும் விதம் மாறியிருக்கும். ஆனால் கயிற்றை எடுத்தால் ஊர் ரத்தக்களரி ஆகிவிடும் என்று சொல்பவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும் அல்லவா?

எங்கள் ஊரில் அண்ணன் தம்பி எல்லையில் ஒரு பிலாமரம் நின்றது. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, சக்கை யாருக்கு என்ற சண்டையில் தம்பி வெட்டுகத்தியை எடுத்துவிட்டான். போலீஸ் வரும்வரை படியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான், ஓடவில்லை. கொலைக்கு என்ன தண்டனை என்று காலையில் கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான். வெட்டும்போது அது எதுவும் அவன் தலையில் இல்லை. திட்டம் போட்டுச் செய்கிறவர்கள் வேறு ஜாதி. ஆனால் அவர்கள் போடுவதே மாட்டாமல் தப்பிக்கும் திட்டம்தான். மாட்டிக்கொள்வோம் என்று நம்பினால் ஆயுள் தண்டனையே பயப்படப் போதுமே!

களியக்காவிளை ரோட்டில் பாருங்கள். ஹெல்மெட் அபராதம் எல்லா நாளும் ஒன்றுதான். எதிரே வருகிறவன் லைட் அடித்துக் காட்டினால்தான் பெட்ரோல் டேங்கில் கிடக்கும் ஹெல்மெட் தலைக்கு ஏறும். வளைவில் போலீஸ் நிற்கிறான் என்ற பயம் அது. அபராதத் தொகையை யார் நினைக்கிறார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர். 2009-ல் உச்ச நீதிமன்றமே ஆறு பேருக்கும் தூக்கு என்றது. 2019-ல் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் குற்றவாளிகள் இல்லை என்று விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நடுவில் கயிறு அவசரப்பட்டிருந்தால் 2019-ல் யாரை விடுவிப்பது?

இதையெல்லாம் சொன்னபோது கடைக்காரர் கேட்டார்: "செத்தது உன் தம்பியா இருந்தா?"

நியாயமான கேள்வி. தூக்கில் போடு என்றுதான் நானும் கத்தியிருப்பேன். ஆனால் அது என் ஆத்திரம், பழிக்குப் பழி. அப்படியே சொல்லுங்கள், அதைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம். அடுத்தவன் பயந்து திருந்துவான் என்று அதற்கு ஒரு சட்டை மாட்டி அனுப்புவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைக்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த தீர்ப்பு டிவியில் வரும்போது மறுபடியும் ஆரம்பிப்போம்.