உள்ளே விட்ட துணி

(கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு தையல் கடை. ஜூன் மாதம். தெருவில் மாம்பழ லோடு போனால் வாசனையே ஆளை நிறுத்திவிடும். மாங்காய் மண்டியில் கணக்கு எழுதும் முனிராஜ், இரண்டு பேண்ட்டுகளோடு கடைக்குள் வருகிறார். வயிற்றை எக்கிப் பிடிக்காமலே வருகிறார். அதைத் தையல்காரர் மாதையன் உடனே பார்த்துவிட்டார். தொழில் அப்படி.)

முனிராஜ்: அண்ணா, இரண்டையும் இடுப்பில் பிடித்துக் கொடுங்கள். பதினாறு கிலோ குறைத்திருக்கிறேன்.

மாதையன்: பார்த்தாலே தெரிகிறது தம்பி. கன்னம் ஒட்டிப்போய், யாரோ என்று நினைத்தேன். பிடித்துவிடலாம். ஆனால் உள்ளே துணி விட்டுத்தான் பிடிப்பேன்.

முனிராஜ்: விடாதீர்கள். வெட்டி எறியுங்கள்.

மாதையன்: (கத்தரியை எடுத்து மிஷினுக்கு அந்தப் பக்கம் வைக்கிறார்) இளைத்தவன் பேச்சைக் கேட்டு வெட்டினால், தீபாவளிக்கு அவனே வந்து 'கொஞ்சம் பிரித்துக் கொடு' என்பான். வெட்டின துணிக்கு நான் எங்கே போவேன்?

முனிராஜ்: நான் அப்படி இல்லை. சோறு, இட்லி, சர்க்கரை எல்லாம் குறைத்தாகிவிட்டது. முட்டை, மீன், கோழி, கீரை, பன்னீர். அவ்வளவுதான்.

மாதையன்: இரு, அளவு நோட்டைப் பார்க்கிறேன். (புரட்டுகிறார்) முனிராஜ், மாங்காய் மண்டி... கல்யாணத்துக்கு 32. பையன் மொட்டைக்கு 36. அப்புறம் 39. நடுவில் ஒரு தடவை 35. எட்டே மாதத்தில் 40. அந்த 35 என்ன கணக்கு?

முனிராஜ்: அதுவும் இதே டயட்தான்.

மாதையன்: அன்றைக்கும் 'வெட்டி எறி' என்றுதான் சொன்னாய். நான் கேட்கவில்லை. இந்தப் பேண்ட் இன்னும் உயிரோடு இருப்பது அதனால்தான்.

முனிராஜ்: அப்போது விவரம் தெரியாது. முதல் பத்து நாளில் நாலு கிலோ குறைந்ததும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதில் பெரும்பங்கு தண்ணீர். மாவுச்சத்தை உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும். அது ஒரு கிராம் என்றால் கூடவே மூன்று கிராம் தண்ணீர் இருக்கும். சோற்றை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து போகும்.

மாதையன்: திரும்பச் சாப்பிட்டால்?

முனிராஜ்: இரண்டும் சேர்ந்து வரும். மாமியார் வீட்டில் ஒரு நாள் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். மறுநாள் காலையில் ஒன்றரைக் கிலோ கூடுதல்.

மாதையன்: எத்தனை உருண்டை?

முனிராஜ்: அவர்கள் போட்ட வரைக்கும். கூடினது தண்ணீர் என்று தெரிந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். கொழுப்பு என்று நினைத்து, 'எல்லாம் போச்சு, இனி என்ன' என்று மத்தியானமும் களிக்கு உட்கார்ந்துவிட்டேன்.

மாதையன்: களியைக் குறை சொல்லாதே. நம் ஊரே ராகி தின்று வளர்ந்தது.

முனிராஜ்: நல்லதுதான், யார் இல்லை என்றது? சுண்ணாம்புச் சத்து உண்டு, நார்ச்சத்து உண்டு. ஆனால் 100 கிராம் ராகியில் மாவுச்சத்து மட்டும் ஏறக்குறைய 67 கிராம். அரிசியில் 78. பெரிய வித்தியாசம் இல்லை அண்ணா.

மாதையன்: (சத்தம் இறங்குகிறது) சுகருக்கு நல்லது என்று நான் ராத்திரி மூன்று உருண்டை சாப்பிடுகிறேனே. நாளையிலிருந்து சுத்தமாக நிறுத்திவிடட்டுமா?

முனிராஜ்: ஐயோ, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சில சுகர் மாத்திரைகள் அதே அளவில் இருக்க, சாப்பாட்டை மட்டும் வெட்டினால் சுகர் ஒரேயடியாக இறங்கிவிடும்.

மாதையன்: சரி. நீதான் இளைத்துவிட்டாயே, இனிமேல் டயட் முடிந்ததா?

முனிராஜ்: போன தடவை அப்படி நினைத்து லட்டு வாங்கித்தான் கொண்டாடினேன். உடம்பு சின்னதானால் அதற்கு வேண்டிய சாப்பாடும் குறைந்துவிடும். பசி மட்டும் பழைய அளவிலேயே நிற்கும். சிலருக்கு முன்னைவிட அதிகமாகவே எடுக்கும்.

மாதையன்: ஆளுக்கு அளவு எடுத்த ஆண்டவன் பசிக்கு எடுக்கவில்லை.

முனிராஜ்: அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். பதிமூன்றரைக் கிலோவுக்கு மேல் குறைத்து, ஒரு வருஷமாவது ஏறாமல் காத்தவர்களுக்குத்தான் அதில் இடம். முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்க்கிறார்கள். பெரும்பாலானவர்கள் தினமும் ஒரு மணி நேர அளவுக்கு நடையோ வேறு பயிற்சியோ செய்கிறார்கள்.

மாதையன்: என்னிடமும் இருக்கிறதே பதிவேடு. என்ன, ஏறினவர்கள்தான் இதில் அதிகம். நீ நடக்கிறாயா?

முனிராஜ்: தினமும். ஞாயிற்றுக்கிழமை கோட்டை மலை ஏறுகிறேன். மாவுச்சத்து நாளுக்கு 50 கிராம். வாரம் ஐந்து ஐந்தாகக் கூட்டி, எடை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

மாதையன்: எந்த இடத்தில் நின்றது?

முனிராஜ்: (பதில் இல்லை.)

மாதையன்: (பேண்ட் பாக்கெட்டை வெளியே இழுக்கிறார். பொடி கொட்டுகிறது) காவேரிப்பட்டணத்தில் நின்றிருக்கிறது. இது அந்த ஊர் நிப்பட்டு, தட்டை மாதிரி அரிசி மாவுப் பலகாரம்.

முனிராஜ்: பையன் வைத்திருப்பான்.

மாதையன்: உன் பேண்ட்டிலா?

முனிராஜ்: ஒன்றே ஒன்று அண்ணா. பாதியை வாயில் போட்டு, பாதியைப் பாக்கெட்டில் வைத்தேன். அடுத்த நாளைக்கு.

(அந்தப் பாதி அடுத்த நாளைப் பார்த்திருக்காது என்பது என் கணிப்பு.)

மாதையன்: அப்போ மாம்பழம்?

முனிராஜ்: 100 கிராம் சதையில் மாவுச்சத்து 15 கிராம். அரைக்கிலோ மல்கோவா ஒன்றை முழுசாகச் சாப்பிட்டால் அன்றைய 50 அங்கேயே முடிந்தது. அதனால் வாரம் ஒரு பழம். அன்றைக்குச் சோறு கிடையாது, களி கிடையாது. முழுக்க விலக்கிப் பார்த்தேன். மண்டியில் கணக்கே தப்பாக விழுந்தது.

மாதையன்: பெங்களூரா சாப்பிட்டால் விலையாவது மிச்சம்.

முனிராஜ்: வாரத்துக்கே ஒன்று என்றால் நான் ஏன் பெங்களூரா சாப்பிட வேண்டும்?

மாதையன்: நியாயம். (இஞ்ச் டேப்பை இடுப்பில் சுற்றுகிறார்) 34. மூச்சை விடு. ம்... 34 தான், நிஜம்தான். சரி, பிடிக்க நூறு. பிரிக்க நூறு. இரண்டையும் இப்பவே கொடுத்தால் நூற்றைம்பது.

முனிராஜ்: பிரிக்கிற கூலியை இப்போதே எதற்கு?

மாதையன்: அளவு அப்படியே இருந்தால் அந்த ஐம்பதோடு என் கையிலிருந்து இன்னொரு ஐம்பது சேர்த்து நூறாகத் தருகிறேன். துணி மட்டும் உள்ளே இருக்கும். சம்மதமா?

முனிராஜ்: (நிறைய யோசித்து, பணத்தை எண்ணி வைக்கிறார்) சம்மதம். எழுதிக்கொள்ளுங்கள்.

மாதையன்: (நோட்டில் எழுதிக்கொண்டே) முனிராஜ், 34... அளவு பார்க்கிற தேதி, அடுத்த வருஷம் ஜூன்...

முனிராஜ்: ஜூன் வேண்டாம் அண்ணா. பிப்ரவரி போடுங்கள்.