ரான் அந்த ஊர்க்காரன்

போன மாதம் அக்கா மகள் ஹாரி பாட்டர் படங்கள் எட்டையும் ஒரே வாரத்தில் பார்த்து முடித்தாள். பத்து வயது. கடைசிப் படம் முடிந்த கையோடு என்னிடம் வந்து கேட்டாள்: "சித்தி, ஹாரிதான் ஹீரோ. ஹெர்மயனிக்கு எல்லாமே தெரியும். ரான் எதுக்கு அவங்ககூட இருக்கான்?"

எனக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. குழந்தை மேல் தப்பில்லை. படங்களை மட்டும் பார்த்தால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும். அதில் அவன் பயந்து அலறுவான், வாய் நிறைய அடைத்துக்கொண்டு சாப்பிடுவான், சிலந்தியைக் கண்டால் குரல் உடையும். ரௌலிங் எழுதிய புத்தகத்தில், மந்திரப் பள்ளியில் ஹாரியின் உயிர்த் தோழனாக இருக்கும் ரான் வீஸ்லி வேறு ஆள். அவனை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். அவனுக்காகத்தான் இந்தப் பதிவு.

எச்.பி.ஓ. புதிதாகத் தொடர் எடுக்கப்போகிறது என்று 2023-இல் அறிவித்ததிலிருந்து ரசிகர்களுக்குள் பழைய சண்டைகள் மறுபடி கிளம்பியிருக்கின்றன. பீவ்ஸ் என்ற குறும்புக்கார ஆவி ஏன் படத்தில் இல்லை? (ரிக் மேயல் நடித்து, காட்சிகளும் எடுத்து, கடைசியில் வெட்டிவிட்டார்கள்.) போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நெருப்புக் கோப்பையில் உன் பேரைப் போட்டாயா என்று தலைமையாசிரியர் டம்பிள்டோர் அமைதியாகக் கேட்டதாகத்தானே ரௌலிங் எழுதியிருக்கிறார், படத்தில் அவராக நடித்த மைக்கேல் கேம்பன் ஏன் பாய்ந்து வந்து ஹாரியைப் பிடித்து உலுக்குகிறார்? ஆறாவது புத்தகத்தில் வரும், வில்லன் வால்டமோர்ட்டின் அம்மா மெரோப்பியின் கதை எங்கே போனது?

இவற்றில் பாதிக்கு என்னால் சமாதானம் சொல்ல முடியும். ஐந்தாவது புத்தகம்தான் தொடரிலேயே பெரியது, 38 அத்தியாயம். படமோ 138 நிமிடம். அத்தியாயத்துக்கு நாலு நிமிடம்கூடத் தேறாது. வெட்டாமல் எடுக்கவே முடியாது. திரைக்கதை எழுதுகிறவர்மேல் எனக்கு அதற்காகக் கோபம் வந்ததில்லை. ஒருவன் செய்ததைப் பிடுங்கி இன்னொருவர் கையில் கொடுத்தால்தான் கோபம் வருகிறது. அதில் ஒரு நிமிடம்கூட மிச்சமாகவில்லை. அதே காட்சி, அதே வசனம், பேசுகிற ஆள் மட்டும் மாறிவிட்டது.

மூன்றாவது கதையில் அந்தப் பாழடைந்த வீட்டுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறையிலிருந்து தப்பி, கறுப்பு நாய் உருவத்தில் வந்த சிரியஸ் பிளாக், ரானை மரப்பொந்து வழியாக இழுத்துக்கொண்டு போகிறான். வேரில் மாட்டி ரானின் கால் ஒடிந்துவிடுகிறது. பின்னாலேயே ஹாரியும் ஹெர்மயனியும் ஓடிவருகிறார்கள். ஹாரியைக் கொல்லத்தான் அவன் வந்திருக்கிறான் என்று மூன்று பேருமே நம்புகிறார்கள். அப்போது, புத்தகத்தில், ஒடிந்த காலோடு ரான் எழுந்து நிற்கிறான். ஹாரியைக் கொல்ல வேண்டுமென்றால் எங்களையும் கொல்ல வேண்டியிருக்கும் என்கிறான். நின்றதிலேயே முகம் வெளுத்துவிடுகிறது, உடம்பு ஆடுகிறது, ஹாரியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிகிறது. அந்த சிரியஸ் பிளாக்கே "படு, காலை இன்னும் கெடுத்துக்கொள்வாய்" என்று சொல்கிறான். ரான் கேட்கவில்லை. மறுபடி சொல்கிறான், மூன்று பேரையும் கொல்ல வேண்டியிருக்கும் என்று. அவனுக்கு வயது பதினான்கு.

2004-இல் வந்த படத்தில் இதைச் சொல்வது ஹெர்மயனி. காலில் எந்தக் காயமும் இல்லாமல், ஹாரிக்கு முன்னால் வந்து நின்று சொல்கிறாள். ரான் ஒரு மூலையில் கிடந்து முனகுகிறான்.

அதே படத்தில் இன்னொன்று. வகுப்பில் ஸ்நேப் கேட்ட கேள்விக்கு ஹெர்மயனி பதில் சொல்கிறாள். எல்லாம் தெரிந்த மாதிரி அலட்டிக்கொள்கிறாய் என்று அவர் எல்லார் முன்னாலும் அவளை அவமானப்படுத்துகிறார். அவள் கண் நிறைந்துவிடுகிறது. புத்தகத்தில் ரான் உடனே சத்தமாகக் கேட்கிறான்: நீங்கள் கேள்வி கேட்டீர்கள், அவளுக்குப் பதில் தெரியும், சொல்லக்கூடாது என்றால் எதற்குக் கேட்டீர்கள்? வாரத்துக்கு ரெண்டு தடவை அவனே அவளை அப்படித் திட்டுகிறவன்தான். ஆனால் ஒரு வாத்தியார் அழவைத்தால் விடமாட்டான். அதற்குத் தண்டனையாக மந்திரம் பயன்படுத்தாமல் மருத்துவமனை மலச்சட்டிகளைக் கழுவுகிறான். படத்தில் இதே இடத்தில் ரான் ஹெர்மயனி பக்கம் திரும்பி, அவர் சொல்வதும் சரிதானே என்கிறான். தியேட்டரில் சிரித்தார்கள். எனக்கு யாரோ என் நண்பனைப் பற்றிப் பொய் சொன்ன மாதிரி இருந்தது.

இது முதல் படத்திலேயே ஆரம்பித்துவிட்டது. கொடிகள் சுற்றி நெரிக்கும் இடத்தில், புத்தகத்தில் பதறுவது ஹெர்மயனி. நெருப்பு மூட்டு என்றால், விறகு இல்லையே என்று கையைப் பிசைகிறாள். "நீ சூனியக்காரியா இல்லையா?" என்று ரான் கத்துகிறான். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. அவள் மந்திரம் தெரியாத வீட்டில் பிறந்தவள். பதற்றத்தில் அவள் புத்தி பிறந்த வீட்டுப் பழக்கத்துக்கே ஓடுகிறது. ஏழாவது புத்தகத்தில் இது திரும்பி வரும். மூன்றாவது கதையில் நாய் அவனை இழுத்துப்போன அதே மரத்தடியில் இப்போது ரான் பதறி நிற்க, "நீ மந்திரவாதியா இல்லையா?" என்று ஹெர்மயனி கேட்பாள். ஆறு வருட நட்பு அந்த ஒரு வரியில் இருக்கிறது. படத்தில் முதல் வரி போனதால் இரண்டாவது வரிக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

இரண்டாவது கதையில் கூடப் படிக்கும் டிராக்கோ மால்ஃபாய் ஹெர்மயனியை 'அழுக்கு ரத்தம்' என்று பிறப்பைச் சொல்லித் திட்டுகிறான். அவளுக்கு அது கெட்ட வார்த்தை என்று புரிகிறது, அர்த்தம் தெரியாது. ஹாரிக்கும் தெரியாது. தெரிந்தவன் ரான் ஒருவன்தான். அவன்தான், மால்ஃபாய்மேல் ஏவிய மந்திரம் தன்மேலேயே திரும்பியதால் வாயிலிருந்து நத்தைகளாக வந்து விழுந்தபடி, அந்த வசவு எவ்வளவு கேவலமானது என்று விளக்குகிறான். படத்தில் அந்த விளக்கத்தையும் ஹெர்மயனியே சொல்லிவிடுகிறாள்.

என் அக்கா மகளின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ரான் அந்த ஊர்க்காரன். மற்ற இரண்டு பேரும் மந்திரம் தெரியாத வீடுகளில் வளர்ந்து அங்கே வந்தவர்கள். எந்தச் சொல் யாரைப் புண்படுத்தும், எதைக் கண்டு ஊர் பயப்படும், எது வெறும் பாட்டிக் கதை என்பதெல்லாம் அந்த வீட்டில் வளர்ந்தவனுக்குத்தான் தெரியும். ஹெர்மயனிக்குப் புத்தகத்திலிருந்து தெரியும். அவனுக்கு அம்மாவின் சமையல்கட்டிலிருந்து தெரியும். படம் இரண்டையும் சேர்த்து ஹெர்மயனியிடமே கொடுத்துவிட்டது.

எட்டில் ஏழு படங்களுக்குத் திரைக்கதை எழுதிய ஸ்டீவ் க்ளோவ்ஸ், தனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் ஹெர்மயனிதான் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அந்தப் பிரியம் எனக்குப் புரிகிறது. பொம்பளைப் பிள்ளையைத் தைரியசாலியாகக் காட்டினால் உனக்குச் சந்தோஷம்தானே என்று தோழி ஒருத்தி கேட்டாள். இல்லை. ஹெர்மயனிக்கும் இதில் நஷ்டம்தான். புத்தகத்தில் அவள் பரீட்சை என்றால் அரண்டு போவாள், பிடிவாதம் பிடிப்பாள், தப்பும் செய்வாள். அதெல்லாம் இருந்தும் தைரியமாக இருப்பதால்தான் அவளை எனக்குப் பிடிக்கும். குறையே இல்லாத பெண்ணை எனக்குத் தெரியாது.

ரான் மேல் எனக்கு ஏன் இவ்வளவு பாசம் என்றால், நான் வீட்டில் மூன்றாவது பெண். யூனிஃபார்ம் பெரியக்காவுடையது, ஜாமெட்ரி பாக்ஸ் சின்னக்காவுடையது. லெண்டிங் லைப்ரரியிலிருந்து எடுத்துவந்த அட்டை கிழிந்த முதல் புத்தகத்தில், ரயிலில் ஒரு பையன், அண்ணன் பில்லின் பழைய அங்கி, சார்லியின் பழைய மந்திரக்கோல், பெர்சியின் பழைய எலி என்று சொல்லிக்கொண்டு வந்தான். ஏழு பிள்ளைகளில் ஆறாவது. அன்றிலிருந்து அவன் எனக்கு வேண்டியவன்.

ஐந்தாவது புத்தகத்தில் அவன் குவிடிச் ஆடப் போவான், துடைப்பத்தில் பறந்துகொண்டே ஆடும் பந்தாட்டம். கோல் காக்கத் தெரியாமல் தடுமாறுவான். எதிர் அணி அவனைக் கேலி செய்து 'வீஸ்லி எங்கள் ராஜா' என்று பாட்டுக் கட்டும். கடைசி ஆட்டத்தில் அவன் ஜெயித்துக் கொடுத்ததும் அதே பாட்டைச் சொந்த அணி வரியை மாற்றிப் பாடிக்கொண்டு வரும். அன்றைக்குப் பார்த்து ஹாரியும் ஹெர்மயனியும் பாதி ஆட்டத்திலேயே பள்ளி வனக்காவலர் ஹாக்ரிட்டோடு காட்டுக்குள் போய்விட்டிருப்பார்கள். அவன் வாழ்க்கையின் பெரிய நாளை அவர்கள் பார்க்கவே இல்லை. ஐந்தாவது படத்தில் குவிடிச்சே கிடையாது. சரி, நேரமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதெல்லாம் போனபிறகு, ஏழாவது கதையில் வால்டமோர்ட்டின் உயிரில் ஒரு துண்டு ஒளிந்திருக்கும் அந்த லாக்கெட் திறந்து 'உன் அம்மாவுக்குக்கூட உன்மேல் பாசம் குறைவுதான்' என்று சொல்லும்போது, படம் மட்டும் பார்த்தவருக்கு அது எங்கே குத்துகிறது என்று எப்படித் தெரியும்? அந்தக் காட்சியை ரானாக நடித்த ரூபர்ட் கிரின்ட் தாங்கிப் பிடித்தார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

படங்கள் புத்தகத்தைத் தாண்டிய இடங்களும் உண்டு. ஏழாவது கதையின் முதல் பாதியாக 2010-இல் வந்த படத்தின் தொடக்கத்தில் ஹெர்மயனி தன் பெற்றோரின் நினைவிலிருந்து தன்னையே அழிப்பாள். வீட்டுப் புகைப்படங்களிலிருந்து அவள் உருவம் ஒவ்வொன்றாக மறையும். புத்தகத்தில் அவள் வாயால் சொல்லும் சில வரிகள்தான் அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அழுதிருக்கிறேன். அவளுக்கென்று தனியாக யோசித்து எழுதிய காட்சி, யாரிடமிருந்தும் எடுத்ததில்லை.

அதே கதையில் டாபி என்ற எல்ஃப், மந்திரவாதிகள் வீட்டில் வேலை செய்யும் குட்டி ஜீவன், இறக்கிறான். படத்தில் அவன் இரண்டாவது கதைக்குப் பிறகு ஆளையே காணோம், ஏழாவதில் வந்து செத்துப்போகிறான். நடுவில் அவன் ஹாரிக்குச் செய்த உதவிகள் வகுப்புத் தோழன் நெவில் கைக்குப் போய்விட்டன. புத்தகத்தில் நாலாவது வருடக் கிறிஸ்துமஸுக்கு ரான், அம்மா பின்னி அனுப்பிய ஸ்வெட்டரையும் புதுக் காலுறையையும் டாபிக்குக் கொடுத்துவிடுவான். பிறகு டாபியைப் புதைக்கும்போது, குழி ஓரத்தில் உட்கார்ந்து, தன் காலணியையும் காலுறையையும் கழற்றி அந்த வெறுங்காலில் போட்டுவிடுவான். எப்போதும் அடுத்தவர் பழசைப் போட்டு வளர்ந்த பையன். இறுதிப் போரில் சமையல்கட்டில் இருக்கும் வீட்டு வேலைக்கார எல்ஃப்களை வெளியே போகச் சொல்ல வேண்டும், நமக்காகச் சாகச் சொல்ல முடியாது என்று அவன் சொன்ன பிறகுதான் ஹெர்மயனி ஓடிவந்து முத்தமிடுகிறாள். அந்த முத்தத்துக்குக் காரணம் அந்த வாக்கியம். படத்தில் தண்ணீர் அடித்து இருவரும் நனைகிறார்கள், முத்தமிடுகிறார்கள்.

புதுத் தொடரில் ஒரு புத்தகத்துக்கு ஒரு சீசன் என்கிறார்கள். இனி நேரமில்லை என்று சொல்ல முடியாது. பீவ்ஸ் வராவிட்டாலும் பரவாயில்லை. ஒடிந்த காலோடு நிற்கும் அந்தப் பையனை மட்டும் அவனாகவே விட்டுவிடுங்கள்.

அக்கா மகளுக்கு இப்போது தினமும் ராத்திரி படித்துக் காட்டுகிறேன், தமிழில் சொல்லிச் சொல்லி. நேற்று அந்தப் பாழடைந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அந்த இடம் வந்ததும் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"சித்தி, கால் ஒடிஞ்சிருக்குல்ல? அப்புறம் எப்படி எழுந்தான்?"