வெளியில் நின்று போடும் கிரேடை வைத்து கொள்கை ஆய்வு அமைப்புகளை ஒப்பிடாதீர்கள்

சின்னச் சின்ன கொள்கை ஆய்வு அமைப்புகளின் (திங்க் டேங்க்) சைபர் பாதுகாப்பை ஒப்பிட்டு ஏ, பி, சி என்று கிரேடு போடும் அட்டவணைகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. நிதி தரும் அறக்கட்டளைகள் கேட்கின்றன, போர்டு உறுப்பினர்கள் கேட்கிறார்கள், இன்சூரன்ஸ் கம்பெனிகளும் கேட்கின்றன. பத்து பதினைந்து பேர் மட்டும் இருக்கும் இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு மெயில், கணக்குகள், கோப்புகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொடுப்பதுதான் என் வேலை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஒப்பிடுவது நல்ல விஷயம்தான். ஆனால் இப்போது ஒப்பிடும் விதத்தில், எது ஆபத்தோ அது கணக்கிலேயே வருவதில்லை.

அந்த கிரேடு எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு மென்பொருள் வெளியில் இருந்தபடியே அமைப்பின் டொமைனைச் சோதிக்கிறது. வெப்சைட்டின் சான்றிதழ் சரியாக இருக்கிறதா, எந்தெந்த போர்ட் (வெளியிலிருந்து சர்வரோடு இணையும் வழி) திறந்திருக்கிறது, பழைய பிளகின் ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்து மார்க் போடுகிறது. சொந்தமாக ஏராளமான சர்வர் வைத்திருக்கும் வங்கிக்கு இது ஓரளவு பயன்படும். பத்துப் பேர் அமைப்புக்கு? அவர்களுடைய வெப்சைட் ஏதோ ஒரு ஹோஸ்டிங் கம்பெனியிடம் இருக்கிறது. மெயிலும் கோப்புகளும் கூகுளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ இருக்கின்றன. அப்படியென்றால் அந்த மார்க் பெரும்பாலும் ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போட்ட மார்க். நல்ல ஹோஸ்டிங் வாங்கிய அமைப்பு ஏ வாங்கும். அங்கே ஆறு பேருக்கு ஒரே பாஸ்வேர்டு இருந்தாலும் ஏ தான்.

இந்த அமைப்புகளைத் தாக்குகிறவர்கள் வெப்சைட்டை உடைத்துக்கொண்டு வருவது குறைவு. அவர்களுக்கு வேண்டியது வெளிவராத அறிக்கையின் வரைவு, யார் யாரை எப்போது சந்திக்கிறார்கள் என்ற விவரம், அதிகாரிகளோடும் பத்திரிகையாளர்களோடும் நடக்கும் மெயில் பேச்சு. அதெல்லாம் ஆய்வாளரின் இன்பாக்ஸில் இருக்கிறது. அதனால் நேராக ஆளிடமே வருகிறார்கள்.

2021-இல் ப்ரூஃப்பாயிண்ட் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஒரு விவரம் இதற்கு நல்ல உதாரணம். ஈரானோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் ஒரு குழு, லண்டனின் சோவாஸ் பல்கலைக்கழக அறிஞர் போல மெயில் எழுதியது. இணையவழிக் கருத்தரங்கில் பேச வாருங்கள் என்று அழைப்பு. முதல் மெயிலிலேயே லிங்க் வரவில்லை. மாறிமாறிப் பேசி, நம்பிக்கை வந்த பிறகுதான் பதிவு செய்ய லிங்க் வந்தது. அந்தப் பக்கமும் சோவாஸோடு தொடர்புடைய ஓர் உண்மையான இணையதளத்திலேயே, அதைக் கைப்பற்றி, வைக்கப்பட்டிருந்தது. கருத்தரங்கு அழைப்புக்குப் பதில் எழுதுவது ஆய்வாளரின் அன்றாட வேலை. முகம் தெரியாதவர்களின் மெயிலைத் திறக்காதீர்கள் என்று அவரிடம் சொல்வதில் அர்த்தமே இல்லை.

இன்னொரு விஷயம், எதிராளி இந்த அமைப்புகளைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. 2018 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் நீதிமன்ற உத்தரவோடு ஆறு போலி டொமைன்களைக் கைப்பற்றியது. அவற்றில் ஹட்சன் இன்ஸ்டிட்யூட், இன்டர்நேஷனல் ரிபப்ளிகன் இன்ஸ்டிட்யூட் ஆகிய அமெரிக்க அமைப்புகளின் பெயரைப் போலவே செய்தவையும் இருந்தன. அடுத்த பிப்ரவரியில் அதே கம்பெனி வெளியிட்ட தகவலில், ஜெர்மன் மார்ஷல் ஃபண்ட், ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட்டின் ஐரோப்பியக் கிளைகள் போன்ற அமைப்புகளில் ஆறு நாடுகளில் இருந்த 104 கணக்குகள் குறிவைக்கப்பட்டது தெரிந்தது. ஒரே துறையில் எல்லாரும் எல்லாரோடும் பேசுகிறார்கள். ஒரு சின்ன அமைப்பின் ஒரு மெயில் கணக்கு கையில் கிடைத்தால், அங்கிருந்து மற்ற எல்லாருக்கும் எழுதலாம். முதல் இடத்தில் இருக்கும் அமைப்பின் இயக்குநர், கடைசி இடத்து அமைப்பில் இருக்கும் நண்பரிடமிருந்து வரும் மெயிலைத் தயங்காமல் திறப்பார். அப்புறம் அந்த முதலிடத்தால் என்ன பயன்?

வெளியிலிருந்து பார்க்கக்கூடியவற்றில் ஒன்றை மட்டும் நான் விடமாட்டேன். டிமார்க். ஒரு டொமைனின் பெயரில் யாராவது போலி மெயில் அனுப்பினால் அதை என்ன செய்வது என்று பெறும் பக்கத்துக்குச் சொல்லும் ஏற்பாடு இது. 2012-இலிருந்து இருக்கிறது. காசு கிடையாது. இதில் மூன்று நிலை உண்டு. ஒன்றும் செய்யாதே, எனக்கு அறிக்கை மட்டும் அனுப்பு என்பது முதல் நிலை. ஸ்பாமில் போடு என்பது இரண்டாவது. ஏற்கவே ஏற்காதே என்பது மூன்றாவது. நான் பார்க்கிற அமைப்புகளில் முதல் நிலையில் வைத்துவிட்டு அப்படியே மறந்துபோனவை நிறைய. அட்டவணையில் "டிமார்க் உண்டு" என்று டிக் விழுந்துவிடும். அறிக்கைகள் யாரும் திறக்காத ஒரு மெயில்பெட்டியில் போய்ச் சேரும். போலி மெயில் வழக்கம்போல் போய்க்கொண்டிருக்கும்.

2024 மே மாதம் அமெரிக்காவின் உளவு அமைப்பான என்எஸ்ஏ, புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, வெளியுறவுத் துறை மூன்றும் சேர்ந்து எச்சரித்தது இதைப் பற்றித்தான். வட கொரியாவின் கிம்சுகி என்ற ஹேக்கர் குழு, டிமார்க்கைச் சரியாக அமைக்காத டொமைன்களின் பெயரிலேயே பத்திரிகையாளர் போலவும் ஆய்வாளர் போலவும் மெயில் அனுப்புகிறது என்றார்கள். டிமார்க்கைக் கடைசி நிலைக்குக் கொண்டுபோனால் முதலில் காப்பாற்றப்படுவது உங்களை நம்பி மெயிலைத் திறக்கும் வெளியாட்கள். அதனால்தான் அமைப்புக்கு அமைப்பு ஒப்பிட இது சரியான விஷயம். ஆனால் "உண்டா, இல்லையா" என்று கேட்காதீர்கள். எந்த நிலையில் இருக்கிறது, அறிக்கையை யார் படிக்கிறார் என்று கேளுங்கள். நியூஸ்லெட்டர் அனுப்பும் சேவை, நன்கொடை ரசீது அனுப்பும் சேவை எல்லாவற்றையும் முதலில் சரிசெய்யாமல் ஒரே நாளில் கடைசி நிலைக்குத் தாவினால் சொந்த மெயிலே போகாது. அதற்குச் சில வாரங்கள் பொறுமையாக அறிக்கை படிக்க ஓர் ஆள் வேண்டும்.

மற்றதெல்லாம் உள்ளே போய்க் கேட்டால்தான் தெரியும். ஒரு வேலையை மட்டும் செய்து பாருங்கள். போன வருடம் வெளியான ஏதாவது ஓர் அறிக்கையின் வரைவு ஃபோல்டரைத் திறந்து, யாருக்கெல்லாம் பகிர்ந்திருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். இப்போது வேலையில் இருப்பவர்கள் நாலு பேர் இருப்பார்கள். அதற்குக் கீழே, திட்டம் முடிந்து போய்விட்ட ஃபெல்லோ (குறிப்பிட்ட காலத்துக்கு வந்த ஆய்வாளர்) ஒருவரின் சொந்த ஜிமெயில், மூன்று மாதம் இருந்த இன்டர்னின் மெயில், அறிக்கையை வடிவமைத்துக் கொடுத்தவர், கருத்துக் கேட்டு அனுப்பிய வெளி நிபுணர்கள். கடைசியில், லிங்க் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஒரு வரி. அந்த அறிக்கைக்காகப் பேட்டி கொடுத்தவர்களின் பெயரும் போன் நம்பரும் பல சமயம் அதே ஃபோல்டரில் இன்னொரு கோப்பில் இருக்கும். பெயர் வெளியே வராது என்ற உறுதியின் பேரில் பேசியவர்கள் அவர்கள். இதை எந்த ஸ்கேனரும் பார்க்காது.

சின்ன அமைப்பில் ஆட்கள் வந்து வந்து போவார்கள். திட்டத்துக்குத் திட்டம் ஆள் மாறும். அவர்களில் பாதிப்பேர் அமைப்பின் மெயிலைவிடச் சொந்த மெயிலைத்தான் அதிகம் பயன்படுத்துவார்கள். ஸ்டார் பிளிசார்ட் என்ற ரஷ்யக் குழுவைப் பற்றி பிரிட்டன் அரசின் சைபர் பாதுகாப்பு மையமான என்சிஎஸ்சியும் கூட்டாளி நாடுகளும் 2023 டிசம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில், அவர்கள் பெரும்பாலும் சொந்த மெயில் முகவரிக்குத்தான் எழுதுகிறார்கள் என்று தெளிவாக இருக்கிறது. அலுவலகக் கணக்கின் காவல் அங்கே கிடையாது. உள்ளே புகுந்ததும், வரும் மெயிலெல்லாம் தங்களுக்கும் ஒரு நகல் வரும்படி ஃபார்வர்டு விதி போட்டுவிடுகிறார்கள் என்பதும் அதில் உண்டு. கணக்கு வைத்திருப்பவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார். நகல் போய்க்கொண்டே இருக்கும். ஃபார்வர்டு விதிகளைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்ற கேள்வியை நான் எந்த ஒப்பீட்டிலும் பார்த்ததில்லை.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதும் அப்படித்தான். பல அமைப்புகளில் அது ஆரம்பித்தவரின் சொந்தக் கணக்கில், அவருடைய கார்டில் ஓடுகிறது.

சரி, டூ ஃபேக்டருக்கு, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு கேட்பதற்கு, வருவோம். நிதி தருபவர்கள் அனுப்பும் படிவத்தில் "ஆம்" என்று எழுதினால் முடிந்தது. ஆனால் ஓடிபியும் டூ ஃபேக்டர்தான், பாஸ்கீயும் (போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி) டூ ஃபேக்டர்தான், யூஎஸ்பி பாதுகாப்புச் சாவியும் அதுதான். இவை ஒன்றல்ல. போலிப் பக்கம் நடுவில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் போடும் ஓடிபியை உண்மையான பக்கத்துக்கு அந்த நொடியே கடத்திவிடும். மேலே சொன்ன ஸ்டார் பிளிசார்ட் குழு அதற்கான கருவியைப் பயன்படுத்துவதாகவும் அதே எச்சரிக்கை சொல்கிறது. பாஸ்கீயோ பாதுகாப்புச் சாவியோ உண்மையான முகவரியில் மட்டும்தான் வேலை செய்யும். போலிப் பக்கத்தில் நீங்களே ஏமாந்து முயன்றாலும் அது ஒத்துழைக்காது.

எல்லாம் இருந்தும் உள்ளே வருவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 2020 டிசம்பரில் வோலெக்ஸிட்டி என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஓர் அமெரிக்க திங்க் டேங்க்கின் கதையைப் பெயர் சொல்லாமல் வெளியிட்டது. முதல் முறை கண்டுபிடித்தபோது தாக்கியவர்கள் அங்கே பல வருடங்களாக இருந்திருக்கிறார்கள். வெளியேற்றினார்கள். திரும்ப வந்தார்கள். இந்த முறை மெயில் சர்வரிலிருந்தே ரகசியச் சாவியை எடுத்து, டூ ஃபேக்டர் கேள்வியே எழாதபடி ஒருவரின் மெயிலுக்குள் போனார்கள். மறுபடியும் வெளியேற்றினால், மூன்றாவது முறை, நெட்வொர்க்கைக் கண்காணிக்க வைத்திருந்த சோலார்விண்ட்ஸ் மென்பொருள் வழியாக வந்தார்கள். குறிப்பிட்ட சிலரின் மெயிலைத் தவிர வேறு எதிலும் அவர்களுக்கு அக்கறை இல்லை. இந்த அமைப்புக்கு நீங்கள் என்ன கிரேடு கொடுப்பீர்கள்? நான் நல்ல கிரேடு கொடுப்பேன். சின்ன அமைப்புகள் பலவற்றில், யார் எப்போது கணக்குக்குள் நுழைந்தார்கள் என்ற பதிவேடு சில வாரங்களுக்கு மேல் சேமிக்கப்படுவதே இல்லை. அங்கே இதெல்லாம் நடந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது, அட்டவணையில் அவர்களுக்கு எதிராக ஒரு சம்பவமும் இருக்காது.

அதனால் என் கருத்து இது. ஒப்பீட்டைப் பொதுவில் வெளியிடாதீர்கள். யார் பலவீனம் என்று வரிசையாகப் போட்ட பட்டியல் முதலில் யாருக்குப் பயன்படும் என்று யோசியுங்கள். ஒரே துறையில் இருக்கும் ஐந்தாறு அமைப்புகள் மூடிய அறையில் உட்கார்ந்து, இன்டர்ன் ஒருவர் தவறான லிங்கை அமுக்கிவிட்டால் உங்கள் இடத்தில் யாரிடம் சொல்வார், எவ்வளவு நேரத்தில் சொல்வார், சொன்னால் திட்டு விழுமா என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளட்டும். தனக்கு வந்த போலி அழைப்பு மெயிலை அன்றைக்கே மற்றவர்களுக்குக் காட்டட்டும்.

நிதி தருபவர்களுக்குத் தனியாக ஒன்று. நீங்கள் அனுப்பும் கேள்விப் படிவத்தில் "இல்லை" என்று எழுதினால் நிதி போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எல்லாரும் "ஆம்" என்றுதான் எழுதுவார்கள். அதைத் தொகுத்து ஒப்பிட்டால் வருவது பயத்தின் அளவு. சிஐஎஸ் என்ற அமைப்பு வெளியிடும் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளின் எட்டாம் பதிப்பில் சின்ன அமைப்புகளுக்கென்று 56 அடிப்படை நடவடிக்கைகளைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வெப்சைட்டைத் தாக்குதலிலிருந்து காக்க கிளவுட்ஃப்ளேர் 2014-இலிருந்து நடத்தும் ப்ராஜெக்ட் கலிலியோ, கணக்குகளைக் காக்க கூகுள் 2017-இல் தொடங்கிய அட்வான்ஸ்டு ப்ரொடெக்ஷன் எல்லாம் இலவசம். ஆனால் அவற்றை எடுத்து அமைக்கவும், போனவர்களின் அணுகலை மாதாமாதம் நீக்கவும், டிமார்க் அறிக்கை படிக்கவும் ஒருவருக்குச் சம்பளம் வேண்டும். ஆய்வுத் திட்டத்துக்குக் கொடுக்கும் பணத்தில் இதைச் செலவு என்று காட்ட பல ஒப்பந்தங்களில் இடமே இல்லை. அடுத்த ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு தலைப்பு போடுங்கள். ஐந்தாறு அமைப்புகளுக்கு நடுவே ஒரே ஆளை வைத்துக்கொள்ளவும் அனுமதி கொடுங்கள். கேள்விப் படிவத்தை அதற்கு அடுத்த வருடம் அனுப்பலாம்.